செவ்வியல் நாவல்களின் பாலுணர்வு மறுபுனைவுகள்: கதவைத் திறந்ததும் கதை ஏன் சத்தற்றுப் போகிறது?

நிழல்வாசகி:

அனைவருக்கும் வணக்கம்.

செவ்வியல் நாவல்களைப் பாலுணர்வுக் கதைகளாகத் திருப்பி எழுதும் நூல்களைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இந்த வகையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இ. எல். ஜேம்ஸின் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்ற பாலுணர்வு நாவல் 2011இல் வெளிவந்து, அடுத்த ஆண்டிலேயே உலகெங்கும் பேசப்பட்டபோது, அந்தச் சந்தையில் பங்கு கேட்க விரும்பிய சில பதிப்பாளர்கள் பதிப்புரிமைக் காலம் முடிந்த நாவல்களின் பக்கம் திரும்பினார்கள். ஜேன் ஆஸ்டினும் பிராண்டி சகோதரிகளும் எழுதிய வரிகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் கதவைச் சாத்திவிட்டு நகர்ந்த இடங்களில் மட்டும் புதிய காட்சிகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை எனக்கு ஏமாற்றத்தையே தந்தன. ஆனால் அவற்றைக் குறை சொல்வதற்காக இங்கே வரவில்லை. அதே குழியில் நானும் விழுந்துவிட்டேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

சார்லட் பிராண்டி 1847இல் வெளியிட்ட 'ஜேன் ஐர்' நாவலைத் தமிழில் மறுபுனைவாக எழுதத் தொடங்கினேன். 15ஆம் அத்தியாயம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஜேன் ஆசிரியையாக வேலை பார்க்கும் வீட்டின் எசமான் ராச்செஸ்டர். நள்ளிரவில் அவனுடைய கட்டில் திரைகள் தீப்பற்றி எரிகின்றன. ஜேன் ஓடிவந்து தண்ணீரை ஊற்றி அணைக்கிறாள். நன்றி சொல்வதற்காக அவள் கையைப் பற்றிய ராச்செஸ்டர் அதை விடுவதாக இல்லை. தனக்குக் குளிர்கிறது என்கிறாள். ஆமாம், தேங்கிய நீரில் நின்றுகொண்டிருக்கிறாய், போய்விடு என்று சொல்கிறான். ஆனால் கை மட்டும் விடுபடவில்லை. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் ஃபேர்ஃபாக்ஸ் அம்மையார் நடமாடும் சத்தம் கேட்பதுபோல் இருக்கிறது என்று ஓர் உபாயம் செய்துதான் அவளால் அறையை விட்டு வெளியேற முடிகிறது.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன். அவள் அந்த உபாயத்தைச் செய்யவில்லை என்று ஒரே ஒரு மாற்றம் செய்தேன். அதிலிருந்து நாற்பது பக்கங்கள் எழுதினேன். எழுதும்போது உற்சாகமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்தபோது, மூலத்தில் அந்தச் சில பத்திகள் எழுப்பிய படபடப்பில் பத்தில் ஒரு பங்குகூட என் நாற்பது பக்கங்களில் இல்லை என்பது தெரிந்தது. இது என் எழுத்தின் போதாமையா, அல்லது இந்த முயற்சிக்கே உள்ள குறையா? மறைந்துபோன ஓர் ஆசிரியரின் வீட்டுக்குள் அவர் அனுமதியின்றி நுழைந்துவிட்டேன் என்ற உறுத்தலும் இருக்கிறது. சட்டப்படி இதில் சிக்கல் ஏதேனும் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்று.

பழஞ்சுவடி:

உங்கள் உறுத்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு நாவலின் வரலாறே விடை வைத்திருக்கிறது. இந்த வேலை 2012இல் தொடங்கியதன்று. சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமீலா' 1740ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. எசமானின் ஆசைக்கு இணங்க மறுத்துக் கடைசியில் அவனையே முறைப்படி மணந்துகொள்ளும் பணிப்பெண், தன் கதையைத் தானே கடிதங்களாக எழுதுவதுபோல் அமைந்த நாவல் அது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1741 ஏப்ரலில் ஹென்றி ஃபீல்டிங் புனைபெயரில் 'ஷமீலா' என்ற சிறு நூலை வெளியிட்டார். அந்தக் கற்பெல்லாம் விலையை ஏற்றுவதற்காக நடத்தப்பட்ட நாடகம் என்று காட்டி, ரிச்சர்ட்சனின் கதைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த காமத்தை மேலே இழுத்துப் போட்டுச் சிரித்தது அந்த நூல். ஆங்கில நாவல் பேசக் கற்றுக்கொண்ட காலத்திலேயே அதன் பாலுணர்வு மறுபுனைவும் உடன்பிறந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

எதிர்த்திசையிலும் இதே சுதந்திரம் எடுத்துக்கொள்ளப்பட்டது. குடும்பத்தில் உரக்கப் படிக்க ஏற்றதாக ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலிருந்து கூச்சம் தரும் வரிகளை நீக்கிய பதிப்பு 1807இல் வெளிவந்தது. ஹென்ரியட்டா பௌட்லர் தொடங்கிய அந்த வேலையைப் பின்னர் அவருடைய சகோதரர் தாமஸ் விரிவுபடுத்தினார். நூலைக் காயடிப்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர்களுடைய குடும்பப் பெயரே வினைச்சொல்லாக வழங்குகிறது. சேர்ப்பவரைக் கண்டால் முகம் சுளிக்கும் நாம், நீக்கியவர்களை அவ்வளவாகக் கேள்வி கேட்பதில்லை.

தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலுக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. 1891இல் 'தி கிராஃபிக்' என்ற வார இதழில் அது தொடராக வந்தது. மழைநீர் தேங்கிய பாதையைக் கடக்க முடியாமல் நிற்கும் நான்கு பால்பண்ணைப் பெண்களை ஏஞ்சல் கிளேர் ஒவ்வொருவராகக் கைகளில் தூக்கிக்கொண்டு கடப்பதாக ஹார்டி எழுதியிருந்தார். இதழாசிரியருக்கு அது ஒப்பவில்லை. ஆகவே தொடரில் கிளேர் அவர்களை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான்! நால்வரும் அவன் மீது காதல் கொண்டவர்கள். அவர்களில் ஒருத்தியான டெஸ்ஸின் முறை கடைசியில் வருகிறது. அவள் கன்னத்துக்கு அருகே அவன் மூச்சு படும் அந்தச் சில அடிகளின் தூரத்தில்தான் அந்த நாவலின் காதல் முழுவதும் தங்கியிருக்கிறது. தள்ளுவண்டி அதைச் சரக்குப் போக்குவரத்தாக்கிவிட்டது. அலெக் என்பவனிடம் டெஸ் காட்டில் சிக்கிக்கொள்ளும் இரவும் தொடரில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு போலித் திருமணம் புகுத்தப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் நூலாக வந்தபோது ஹார்டி தம் வரிகளை மீட்டுக்கொண்டார்.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், பழைய நாவல்களில் இரண்டு வகை மௌனங்கள் இருக்கின்றன. ஒன்று, இதழாசிரியரும் வாடகை நூலகமும் நீதிமன்றமும் திணித்த மௌனம். மற்றொன்று, எழுதுபவர் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட மௌனம். மறுபுனைவு எழுதுபவர் தாம் உடைக்கப்போவது இவற்றில் எதை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வகைக்கு ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி'யைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. மணமான எம்மாவும் அவளை விரும்பும் லெயோனும் ரூஆன் நகரத்தில் ஒரு மூடிய குதிரை வண்டியில் ஏறுகிறார்கள். அதன்பின் நமக்கு உள்ளே ஒன்றும் காட்டப்படுவதில்லை. வண்டி தெருத்தெருவாகச் சுற்றுகிறது. நிறுத்தப் பார்க்கும்போதெல்லாம் போ, போ என்று உள்ளிருந்து குரல் வருகிறது. வண்டிக்காரனுக்குத் தாகமும் களைப்பும் சேர்ந்து அழுகையே வந்துவிடும் போலிருக்கிறது. நடுப்பகலில் ஒரு வெறுங்கை மட்டும் மஞ்சள் திரைக்கு வெளியே நீண்டு, கிழித்த காகிதத் துண்டுகளை எறிகிறது. அவை வெள்ளைப் பட்டாம்பூச்சிகளைப் போல் வயலில் போய் விழுகின்றன. அந்தக் காகிதம் லெயோனை மறுத்து எம்மா முந்தைய இரவு எழுதி வைத்திருந்த கடிதம்! 1856இல் இதை வெளியிட்ட 'ரெவ்யூ த பாரி' இதழ் இந்தக் காட்சியை அஞ்சி நீக்கிவிட்டது. அப்படியும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வழக்கு வந்தது, ஃப்ளோபேர் விடுவிக்கப்பட்டார். ஓர் உடையும் அவிழாத காட்சியைக் கண்டு அவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இந்த வண்டியின் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து எழுதும் மறுபுனைவாளருக்குக் கிடைக்கப்போவது இருவர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு வண்டி மட்டுமே.

நீங்கள் உடைத்திருப்பதும் இந்த இரண்டாவது வகை மௌனம் என்றே நினைக்கிறேன். ஜேன் சொல்லும் அந்த உபாயத்தை எந்த இதழாசிரியரும் சார்லட்டுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வெள்ளந்தி:

பழஞ்சுவடி அவர்கள் சொன்னவற்றை ரசித்தேன். ஆனாலும் ஒரு வாசகியாக என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இத்தகைய நூல்களை வாங்குபவர்கள் ஃப்ளோபேரை வெல்லும் உரைநடையைத் தேடிப் போவதில்லை. ஏற்கெனவே நேசிக்கும் இருவர் இன்னும் கொஞ்ச நேரம் தம்முடன் இருக்க வேண்டும் என்பதற்காகவே போகிறார்கள். முன்பின் அறியாத பாத்திரங்களின் நெருக்கத்தை நம்பவைக்க ஒரு நாவலாசிரியருக்கு இருநூறு பக்கம் தேவைப்படும். ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் டார்சியும் எலிசபெத்தும் என்றால் அந்த இருநூறு பக்கத்தை வாசகர் முன்பே படித்து மனத்தில் வைத்திருக்கிறார். தாம் நேசிக்கும் நூலின் பாத்திரங்களை வைத்து ரசிகப் புனைவு எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' நாவலே 'ட்வைலைட்' நாவல்களின் ரசிகப் புனைவாகத் தொடங்கிப் பெயர்கள் மாற்றப்பட்டு நூலானதுதான்.

1995இல் பிபிசி தொலைக்காட்சித் தொடரில் டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு நடந்துவந்து எலிசபெத்தின் எதிரே நின்றாரே, அந்தக் காட்சி ஆஸ்டினின் நாவலில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆனால் அந்தச் சந்திப்பில் இருவர் கன்னங்களும் ஆழச் சிவந்தன என்ற வரி நாவலில் இருக்கிறது. ஒரு வரியிலிருந்து ஒரு குளத்தைத் தோண்டியெடுத்தார்கள். அதை யாரும் அத்துமீறல் என்று சொல்லவில்லை; அதைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் போனவர்களில் நானும் ஒருத்தி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே பாலினக் காதலை மையமாக வைத்துச் செய்யப்படும் மறுபுனைவுகளை மற்றவற்றோடு சேர்த்து எடை போடாதீர்கள். இ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913, 1914ஆம் ஆண்டுகளில் எழுதி முடித்தும், அவர் இறந்த பிறகு 1971இல்தான் அது அச்சேறியது. சட்டமே குற்றம் என்று சொன்ன ஒன்றை எழுத வழியின்றிப் போனவர்களின் கதைகளில், அந்த இடத்தை இன்று ஒருவர் நிரப்பினால் அது இடைச்செருகல் ஆகாது. பழஞ்சுவடி சொல்லும் திணிக்கப்பட்ட மௌனத்துக்கு அதைவிட நேரான சான்று எது?

பழஞ்சுவடி:

கடைசிப் பத்தியை முழுவதுமாக ஏற்கிறேன். குளத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்: அந்தக் காட்சியில் இருவரும் தொட்டுக்கொள்வதே இல்லை. நனைந்த ஆடையோடு நின்றுகொண்டு அவளுடைய பெற்றோரின் நலத்தை விசாரிக்கிறார் டார்சி. அது எடுபட்டதற்கு அந்தத் தடுமாற்றமே காரணம்.

அகத்திணை:

இந்த விவாதத்தைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் ஒரு நூற்பா நினைவுக்கு வந்தது:

மக்கள் நுதலிய அகனைந் திணையும்
சுட்டி யொருவர் பெயர்கொளப் பெறாஅர்.

காதலைப் பாடும்போது தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது இந்த விதி. பெயர் வந்துவிட்டால் பாடல் அகத்திலிருந்து விலகிப் புறத்தின் பக்கம் போய்விடும். பெயரில்லாத அந்த இருவரும் யாராகவும் இருக்கலாம் என்பதால்தான் படிப்பவர் தம்மை அங்கே வைத்துப் பார்க்க முடிகிறது. பாலுணர்வு மறுபுனைவு செய்வது இதற்கு நேர் எதிரான காரியம்: அது பெயரையே விற்கிறது. டார்சி என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு ஏதேனும் ஒரு பெயரை வைத்தால் அந்தக் காட்சியை யாரும் விலை கொடுத்து வாங்கப்போவதில்லை. வெள்ளந்தி அவர்கள் சொல்லும் இருநூறு பக்கச் சேமிப்பு உண்மைதான், ஆனால் அந்தச் சேமிப்பு என்னவாகச் செலவழிகிறது என்று கவனித்திருக்கிறேன். நான் படித்த சேர்க்கைக் காட்சிகளில், ஆடை களைந்த மறுகணமே டார்சியின் செருக்கும் காணாமல் போகிறது, எலிசபெத்தின் நாக்கும் காணாமல் போகிறது. பெயர் மட்டும் அவர்களுடையதாக நிற்கிறது. அங்கே பேசுவதும் மூச்சு வாங்குவதும் யாரோ இருவர். அவள் அவனைக் கேலி செய்யாத படுக்கையறையை ஆஸ்டினின் எலிசபெத்துக்கு உரியதென்று நான் எப்படி நம்புவது?

கண்ணொடு கண்இணை நோக்கொக்கின் வாய்ச்சொற்கள்
என்ன பயனும் இல

என்று வள்ளுவர் சொன்னதைப் படித்து வளர்ந்த நமக்கு, 1813இல் வெளிவந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் டார்சியின் பார்வை எலிசபெத்தின் மீது எத்தனை முறை தங்குகிறது என்பது புதிய செய்தியாக இராது. அவள் அதைத் தன்னிடம் குறை காண்பதற்கான பார்வை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறாள். நோக்கு ஒத்துப்போகாத வரையில்தான் அங்கே வாய்ச்சொற்களுக்கு வேலை இருக்கிறது. அத்தனை சொற்போரும் ஓர் ஊடல் போலவே நடக்கிறது. ஒத்துப்போனதும், இரண்டாம் முறை அவன் மணம் கேட்கும்போது, எலிசபெத் என்ன சொன்னாள் என்பதை ஆஸ்டின் நேர்மொழியில் தருவதே இல்லை. தடுமாற்றத்தோடு தன் மனமாற்றத்தைத் தெரிவித்தாள் என்று ஆசிரியர் கூற்றாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாவல் முழுவதும் பேசித் தீர்த்தவளின் வாய் அடைத்துப்போன அந்த ஓரிடத்தைவிட நெருக்கமான இடம் அந்த நூலில் இல்லை.

யார் கண்ணால் பார்க்கப்படுகிறது என்பதும் முக்கியம். எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் காதலர்களான கேத்தரினும் ஹீத்கிளிஃபும் கடைசியாகச் சந்திக்கும்போது அந்த அறையில் கதை சொல்லும் பணிப்பெண் நெல்லி டீனும் இருக்கிறாள். தோழியும் செவிலியும் கலந்த பாத்திரம் அவள். தோழிக்கு வேண்டிய பரிவு மட்டும் குறைவு. ஹீத்கிளிஃப் பிடியைத் தளர்த்தியதும் கேத்தரினின் நிறமிழந்த தோலில் நான்கு விரல் தடங்கள் நீலமாகப் பதிந்திருந்ததை அவள்தான் நமக்குச் சொல்கிறாள். அவனை இறுகப் பற்றியிருந்த கேத்தரினின் விரல்களில் அவன் தலைமயிர் சிக்கியிருந்ததையும் அவளே சொல்கிறாள். அருவருப்பும் அச்சமுமாக, பார்க்காமலிருக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பவளின் வாக்குமூலம் அது. மறுபுனைவுகள் முதலில் செய்யும் வேலை நெல்லியை அறையை விட்டு வெளியே அனுப்புவது. அனுப்பியபின் அங்கே நடப்பது எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும் அதைக் கண்டு நடுங்குவதற்கு ஆளில்லை.

'ஜேன் ஐர்' நாவலின் மறுபுனைவுகளில் எனக்குப் பெரியதாகத் தோன்றுவது ஜீன் ரீஸ் 1966இல் வெளியிட்ட 'வைட் சர்காஸோ ஸீ'. ராச்செஸ்டர் மாடியில் அடைத்து வைத்திருக்கும் முதல் மனைவியின் கதை அது. பாலுணர்வு மறுபுனைவு என்ற அடைப்புக்குள் யாரும் அதை வைப்பதில்லை. ஆனால் வேட்கையையும் அதிலிருந்து பிறக்கும் வெறுப்பையும் அந்த அளவுக்குத் துணிந்து எழுதிய மறுபுனைவு வேறொன்றை நான் படித்ததில்லை. கணவன் அவள் மீது தனக்குள்ள தாகத்தை ஒப்புக்கொள்கிறான். அது காதலில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறான். அந்தக் கணவனுக்கு நாவல் முழுவதிலும் பெயரே கிடையாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மாறாக, அவன் தன் மனைவியின் பெயரைப் பறித்து வேறு பெயரிடுகிறான். ஆன்டுவானெட் பெர்த்தாவாகும்போதே அவளுடைய அழிவு தொடங்கிவிடுகிறது. தொல்காப்பியர் விதியை ரீஸ் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் பெயர் என்ன செய்யும் என்பதை அறிந்திருந்தார்.

பழஞ்சுவடி:

சிறு திருத்தம் மட்டும். ஊடல் கூடலுக்குப் பின்னர் வருவது, மருதத்துக்கு உரியது. டார்சிக்கும் எலிசபெத்துக்கும் இடையே இன்னும் எதுவுமே நிகழவில்லை, ஆகவே அதை ஊடல் என்பது பொருந்தாது.

அகத்திணை:

ஒப்புக்கொள்கிறேன். 'போலவே' என்ற சொல்லை நம்பித் தப்பிக்கப் பார்த்தேன்.

பிழைதிருத்தி:

நான் சில காலம் பதிப்பகப் பணியில் இருந்தவன். ஆகவே இறங்கி வேலை செய்யும் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சார்லட் பிராண்டி 1855இல் இறந்தவர். அவர் நாவலைக் கையாள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள், அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. பலர் தடுக்கி விழும் இடங்கள் வேறு. மூலம் பொதுச்சொத்தாக இருந்தாலும் அதன் அண்மைக்கால மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. 'மேடம் பொவாரி'யை இன்றைய மொழிபெயர்ப்பு ஒன்றின் வரிகளை வைத்து மறுபுனைவு செய்தால் நீங்கள் ஃப்ளோபேரிடமிருந்து எடுக்கவில்லை, அந்த மொழிபெயர்ப்பாளரிடமிருந்து எடுக்கிறீர்கள். மேலே சொன்ன குளமும் அப்படித்தான்: அது ஆஸ்டினுடையதன்று, 1995ஆம் ஆண்டுத் தொடருடையது. ரீஸின் நாவலுக்கும் உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது. அவர் 1979இல்தான் மறைந்தார். பிரான்சில் ஆசிரியரின் தார்மிக உரிமைக்கு, அதாவது படைப்பு சிதைக்கப்படாமல் காக்கும் உரிமைக்கு, கால எல்லையே இல்லை. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' நாவலுக்கு 2001இல் தொடர்ச்சி எழுதி வெளியிடப்பட்டபோது அவர் வழித்தோன்றல் ஒருவர் வழக்குத் தொடுத்தார். தொடர்ச்சி எழுதுவதையே தடுக்க முடியாது என்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் முடிவு சொன்னது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வயது. இந்தப் பழைய நாவல்களில் பலரும் மிக இளையவர்கள். விக்கம் என்பவனோடு ஓடிப்போகும் எலிசபெத்தின் தங்கை லிடியாவுக்கு வயது 16. பதினெட்டு நிரம்பாத பாத்திரங்களை இத்தகைய எழுத்தில் தொடவே கூடாது. வயதைக் காகிதத்தில் கூட்டிவைப்பது தீர்வாகாது, அவர்களை விட்டு விலகுவதே சரி. உங்கள் ஜேன் 18 வயது நிரம்பியவள்தான். என்றாலும், சம்பளம் கொடுப்பவன், அவளைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவன், மனைவி இருப்பதை மறைப்பவன் என்று மூன்று காரணங்களும் சேர்ந்து அந்த நள்ளிரவு அறையில் நிற்கின்றன. சார்லட்டுக்கு அது தெரிந்திருந்தது. ஜேன் கையை விடுவித்துக்கொள்வதை வெறும் கூச்சம் என்று படித்தால், அவள் தன்னைக் காத்துக்கொண்டதை நாம் தவறவிடுகிறோம். 'டெஸ்' நாவலின் காட்டு இரவுக்கும் இது பொருந்தும். அது வன்முறையா, மயக்கிய செயலா என்று நூறாண்டுக்கும் மேலாக வாசகர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதை இன்பக் காட்சியாக எழுதுபவர் அந்த வாதத்துக்குத் தம்மையறியாமல் தீர்ப்பு எழுதிவிடுகிறார். 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' நாயகன் நாயகிக்கு அனுப்பும் பரிசு அந்த நாவலின் முதற்பதிப்பு என்பது தற்செயலன்று. ஆனால் அந்தப் பரிசில் இருக்கும் எச்சரிக்கையைக் கதை பிறகு மறந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இனி உரைநடை. மூல வரிகளை வைத்துக்கொண்டு இடையில் ஒட்டும் நூல்களில் ஒட்டு தெரியும். ஆஸ்டினின் வாக்கியம் ஒரு நினைப்பைத் தொடங்கி, அதைத் தானே ஐயுற்று, முடிவில் மெல்லச் சிரிக்கும். அடுத்த பத்தியில் நான்கு சொல் வாக்கியங்கள் மூச்சிரைத்துக்கொண்டு வரும். தமிழில் எழுதும்போது இதற்கு மேல் ஒரு தொல்லை உண்டு. உடலைச் சொல்ல நம்மிடம் பழம்பாடல் சொற்கள் இருக்கின்றன, மருத்துவச் சொற்கள் இருக்கின்றன, வசைச் சொற்கள் இருக்கின்றன. இரண்டு பெரியவர்கள் தனிமையில் கூச்சமின்றிப் பேசிக்கொள்ளும் நடுத்தளம் மிக மெலிந்தது. உங்கள் நாற்பது பக்கங்களை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பத்தி கொங்கையிலும் அடுத்த பத்தி மார்பகத்திலும் போய் நின்றிருந்தால் வியக்கமாட்டேன். உறுப்புகளின் பெயரை விட்டுவிட்டுச் செயலையும் பொருளையும் எழுதிப் பாருங்கள். ஈரமான தரை, எரிந்த துணியின் நெடி, அணைந்த மெழுகுவத்தி. அந்த அத்தியாயத்தில் இவையெல்லாம் ஏற்கெனவே கிடக்கின்றன.

வெள்ளந்தி:

வயது பற்றியும் டெஸ் பற்றியும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இங்கே எல்லோரும் சேர்ந்து, மறைத்து எழுதுவதே உயர்ந்தது, திறந்து எழுதுவது தாழ்ந்தது என்ற பழைய தராசை வேறு பெயரில் கொண்டுவந்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். டி. எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' 1928இல் ஃப்ளாரன்ஸில் தனிப்பட்ட முறையில் அச்சிடப்பட்டு, 1960 நவம்பரில் லண்டனில் பெங்குயின் நிறுவனம் வழக்கில் வென்ற பிறகே அங்கே முழுமையாக விற்பனைக்கு வந்தது. அதில் எதுவும் மறைக்கப்படவில்லை. இருந்தும் சீமாட்டியும் அவள் காதலனான வேட்டைக்காவலன் மெல்லர்ஸும் கூடும் குடிசைக்குள் அவர்கள் இருவரோடு வர்க்கமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மெல்லர்ஸ் வட்டார வழக்கில் பேசுவதும் வேண்டும்போது அதை விட்டு மாறுவதும்கூட அந்தக் கூடலின் பகுதிதான். ஆகவே திறப்பது தவறன்று, நிழல்வாசகி. திறந்தால் உள்ளே அந்த இருவரே இருக்க வேண்டும், அவ்வளவே.

நிழல்வாசகி:

எல்லோருடைய பதிவுகளையும் படித்துவிட்டு நாவலை மீண்டும் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். கொங்கையும் மார்பகமும் பற்றிப் பிழைதிருத்தி ஊகித்தது அப்படியே உண்மை என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இம்முறை நான் நின்றது 37ஆம் அத்தியாயத்தில். ராச்செஸ்டரின் மாளிகையான தார்ன்ஃபீல்டு எரிந்து போய்விட்டது. ராச்செஸ்டர் பார்வையிழந்து, இடது கையையும் இழந்து, ஃபெர்ண்டீன் வீட்டில் ஒடுங்கிக் கிடக்கிறான். ஜேன் தண்ணீர்க் குவளையோடு உள்ளே நுழைகிறாள். அவன் காற்றில் துழாவுகிறான். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். அவளுடைய விரல்கள்தான் இவை என்று தொட்டுணர்ந்தே அவளைக் கண்டுகொள்கிறான். 15ஆம் அத்தியாயத்தில் விட மறுத்த கையும் அந்த விரல்களும்தான் இங்கே மறுபடி சந்திக்கின்றன. அன்றும் தண்ணீர் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதை எத்தனையோ முறை படித்தும் நான் கவனித்ததில்லை. இப்போது அவள் யாரிடமும் கூலி வாங்குபவள் அல்லள். அவளுக்குச் சொந்தப் பணம் இருக்கிறது, மறைக்கப்பட்ட மனைவியும் உயிரோடு இல்லை. உபாயம் சொல்லித் தப்ப வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

மணம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவனுக்கு ஒரு கண்ணில் பார்வை சிறிது திரும்புகிறது. அவள் கழுத்தில் இருக்கும் நகையையும் வெளிர்நீல ஆடையையும் பார்த்துக் கேட்கிறான். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி, அவன் கண்ணாகவும் கையாகவும் தான் இருந்ததாக ஜேன் சொல்வதோடு சார்லட் நிறுத்திக்கொள்கிறார். மணந்தபின் மனைவியை ஒருமுறைகூடப் பார்த்திராத கணவன், ஒற்றைக் கையால் அவளை அறிந்துகொண்ட இரண்டு ஆண்டுகள் அவை. பழஞ்சுவடியின் கணக்கில் இது எந்த வகை மௌனம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதினால் இங்கேதான் எழுதுவேன். நாற்பது பக்கங்களையும் ஒதுக்கிவிட்டேன்.

இதை ஜேன் சொல்வதா, ராச்செஸ்டர் சொல்வதா என்பதில்தான் தயங்கி நிற்கிறேன். அவன் சொன்னால் பக்கம் முழுவதும் ஒரு நிறமும் வர முடியாது.

அகத்திணை:

அவனையே சொல்லவிடுங்கள். முதல் பத்தி தயாரானதும் இங்கே இடுங்கள்; அதுவரை அவளுடைய பெயரை அவன் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.